லேபிளில் இருந்தது, பாலில் இல்லை: 2003 தயமின் குறைபாட்டு நிகழ்வு

2003 நவம்பரில் இஸ்ரேலில், வாந்தி நிற்கவில்லை என்று ஐந்தரை மாதக் குழந்தை ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வாந்தி எந்தக் கைக்குழந்தைக்கும் வரும். மருத்துவர்களை யோசிக்க வைத்தவை கண்கள். கருவிழிகள் தாமாகவே மேல்நோக்கி வெட்டிவெட்டித் துடித்தன. வெளிப்பக்கம் திரும்ப வேண்டிய விழிகள் திரும்பவில்லை. அதே நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு சில குழந்தைகளும் மூளை பாதிப்போடு இருந்தார்கள், காரணம் பிடிபடவில்லை. பெற்றோரிடம் விசாரித்தபோது எல்லாரும் ஒரே சோயா பால்மாவைக் குடித்து வந்தவர்கள் என்று தெரிந்தது. ஐந்தரை மாதக் குழந்தை இரண்டாம் மாதத்திலிருந்தே அதைத்தான் குடித்துவந்தது.

பால்மாவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 100 கிராமில் 385 மைக்ரோகிராம் தயமின், அதாவது வைட்டமின் பி1, இருப்பதாக லேபிள் சொன்னது. அளவீட்டில் கண்டறியக்கூடிய அளவுகூட இல்லை.

வைட்டமின்களும் தாதுச்சத்துகளும் உடலில் என்ன செய்கின்றன என்பதைப் பட்டியலாகப் படித்தால் மனதில் நிற்பதில்லை. 'பி1 நரம்புக்கு நல்லது' என்ற அளவில் முடிந்துபோகிறது. இந்த நிகழ்வில் புரதம் இருந்தது, கொழுப்பு இருந்தது, சர்க்கரை இருந்தது, மற்ற வைட்டமின்கள் இருந்தன. ஒன்று மட்டும் விடுபட்டது. அந்தப் பாலை நூற்றுக்கணக்கான குழந்தைகள் குடித்தார்கள். எந்த ஆய்வுக்கூடமும் மனிதக் குழந்தைகளிடம் செய்யத் துணியாத, செய்யவும் கூடாத ஒரு சோதனை ஒரு தொழிற்சாலைத் தவறால் நடந்துவிட்டது. அந்தக் குழந்தைகள் கொடுத்த விலைக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, நடந்ததை முழுமையாகப் புரிந்துகொள்வது.

கண்கள் சொன்ன செய்தி

கண்தசை செயலிழப்பு, தள்ளாட்ட நடை, மனக்குழப்பம் என்ற மூன்றும் சேர்ந்து வரும் ஒரு மூளை நோயை 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் பதிவு செய்தார். அவர் விவரித்த நோயாளிகள் மூவர்: குடிப்பழக்கம் முற்றிய இரண்டு ஆண்கள், கந்தக அமிலத்தைக் குடித்து இரைப்பை சிதைந்து, ஓயாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். அவர் காலத்தில் வைட்டமின் என்ற கருத்தே கிடையாது. இந்த நோய்க்கு மூலம் தயமின் பற்றாக்குறை என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உறுதியானது.

கைக்குழந்தையிடம் இந்த மூன்று அடையாளங்களில் இரண்டு பயன்படாது. நடக்காத குழந்தையிடம் தள்ளாட்டத்தைப் பார்க்க முடியாது. பேசாத குழந்தையிடம் குழப்பத்தைக் கேட்டறிய முடியாது. எஞ்சுவது கண்கள் மட்டும். பெரியவர்களின் நோய் என்று பாடப்புத்தகம் வகைப்படுத்தியிருந்த ஒன்றை ஐந்தரை மாதக் குழந்தையின் விழிகளில் ஒரு மருத்துவக் குழு அடையாளம் கண்டது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சந்தேகத்தின் பேரிலேயே தயமினும் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் செயல் அதுதான்.

பின்னர் வெளியான மருத்துவ அறிக்கை 9 குழந்தைகளை விவரித்தது. வயது 2 மாதம் முதல் 12 மாதம் வரை. தொடக்க அறிகுறிகள் எதையும் தனியாகச் சுட்டவில்லை: வாந்தி, சோர்வு, சிணுங்கல், வயிற்று உப்பசம், வயிற்றுப்போக்கு, மூச்சுத் தொல்லை, எடை சரியாக ஏறாமை, வளர்ச்சிப் படிகளில் தாமதம். ஒவ்வொன்றுக்கும் நூறு காரணம் சொல்லலாம். 9 பேரில் 6 பேருக்குக் கண் அறிகுறிகள் தொடக்கத்திலேயே இருந்தன. இருவர் இதயத்தசை பழுதாகி இறந்தார்கள்.

அறிக்கையில் இன்னொரு விவரம் உண்டு. சேர்க்கப்பட்டபோது அத்தனை குழந்தைகளிடமும் ஏதோ ஒரு நோய்த்தொற்று இருந்தது. அதை இரண்டு வகையில் படிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடல் ஆற்றலை வேகமாகச் செலவழிக்கும். தயமின் தேவையும் கூடும். விளிம்பில் நின்றுகொண்டிருந்த குழந்தையைத் தொற்று கீழே தள்ளியது. இன்னொரு பக்கம், அதே தொற்று உண்மைக் காரணத்தை மறைத்தது. தொற்று கண்ணுக்குத் தெரிகிறது, அறிகுறிகளுக்கு அதுவே விளக்கமாகவும் இருக்கிறது என்றால், அதற்கு மேல் தேட வேண்டும் என்று தோன்றுவது கடினம். நுண்சத்துக் குறைபாடுகள் பெரும்பாலும் இப்படி வேறொரு நோயின் முகத்தோடுதான் மருத்துவமனைக்கு வருகின்றன.

எப்படி விடுபட்டது

பால்மாவு ஜெர்மனியில், இஸ்ரேல் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்டது. 2003இன் தொடக்கத்தில் அதன் செய்முறை மாற்றப்பட்டது. சோயாவில் இயல்பாக உள்ள தயமினே போதும் என்ற தவறான கணக்கால், தனியாகச் சேர்க்கும் தயமின் நிறுத்தப்பட்டது என்பது தயாரிப்புத் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம். தயமின் நீரில் கரையும், சூட்டில் சிதையும், காரத்தன்மையில் இன்னும் வேகமாகச் சிதையும். மூலப்பொருளில் இருப்பது முடிந்த மாவில் இருக்கும் என்று எண்ணியே இதைச் சேர்க்காமல் விடுவது, இந்தச் சத்தின் இயல்பை அறிந்தவர்கள் செய்யக்கூடிய காரியம் இல்லை. முடிந்த மாவை அளந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். லேபிள் பழைய எண்ணோடு வெளிவந்தது. பெற்றோர் அந்த எண்ணை நம்பினார்கள். நம்பாமல் இருக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

தயமின் உடலில் செய்வது

தயமினை எரித்து உடல் ஆற்றல் பெறுவதில்லை. குளூக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் தயமின் இல்லாமல் இயங்காது. அதன் இடம் அதுதான். உடலுக்குள் போன தயமின், பாஸ்பேட் சேர்ந்து தயமின் பைரோபாஸ்பேட் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. இந்த வடிவம்தான் துணைநொதியாக, அதாவது நொதி இயங்க உடன் வேண்டிய பொருளாக, வேலை செய்கிறது.

குளூக்கோஸ் முதலில் பைருவேட்டாக உடைகிறது. இதுவரை தயமின் தேவையில்லை. கிடைக்கும் ஆற்றலும் சொற்பம். ஏடிபி என்பது செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு; ஒரு குளூக்கோஸ் மூலக்கூறுக்கு நிகர லாபம் 2 ஏடிபி. பைருவேட், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று அசிட்டைல் கோஏ ஆக மாறி, சிட்ரிக் அமிலச் சுழற்சியில் முழுவதும் எரிந்தால் மொத்தம் 30 ஏடிபி அளவுக்குக் கிடைக்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் நொதிக்குத் தயமின் வேண்டும். சுழற்சிக்கு உள்ளே ஆல்பா கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கும் தயமின் வேண்டும். இரண்டு இடத்திலும் தடைபட்டால் பைருவேட் தேங்குகிறது. உடல் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இரத்தத்தில் குளூக்கோஸ் வேண்டிய அளவு இருக்கும்போதே செல் பட்டினி கிடக்கிறது.

மூன்றாவதாக டிரான்ஸ்கீட்டோலேஸ் நொதி. செல்கள் மரபுப்பொருள் கட்டத் தேவையான ரைபோஸ் சர்க்கரையும், கொழுப்புகளைத் தொகுக்கத் தேவையான என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறும் கிடைக்கும் பாதையில் இந்த நொதி வேலை செய்கிறது. நரம்பிழைகளைச் சுற்றி அமையும் மயலின் உறை பெருமளவு கொழுப்பால் ஆனது. பிறந்த முதல் ஆண்டு மூளை அந்த உறையை மும்முரமாகப் பின்னிக்கொண்டிருக்கும் காலம். பெரியவரின் மூளை உடலின் ஓய்வுநிலை ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கைக்குழந்தையின் மூளைக்குப் பாதி அளவுக்குத் தேவைப்படுகிறது. ஆகவே இந்தக் குழந்தைகளின் மூளை இரண்டு வகையில் இழந்தது: அன்றாடம் இயங்குவதற்கான ஆற்றலை இழந்தது, தன்னைக் கட்டிக்கொள்வதற்கான பொருளையும் இழந்தது.

கண்கள் முதலில் பாதிக்கப்படுவதற்கும் இதில் விளக்கம் உண்டு. விழிகளை அசைக்கும் நரம்புகளின் மையங்கள் மூளைத்தண்டில், மூளைநீர் ஓடும் குறுகிய கால்வாயை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஆற்றல் தேவை மிகுந்த பகுதி அது. தயமின் குறையும்போது அங்கேதான் சேதம் முன்கூட்டித் தெரிகிறது. இதயத்தசைக்கும் அதே நிலைமை. ஒரு நொடிகூட ஓய்வெடுக்காத தசை ஆற்றல் வறட்சியைத் தாங்காது.

இந்த வேதியியல் நமக்குக் கிடைத்த வழி நீண்டது. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி (தயமின் குறைவால் வரும் நோய்) போன்ற நரம்பு நோய் வருவதை 1890களில் கண்டார். அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே அவர் முதலில் நினைத்தார். தவிட்டில் இருந்த தேவையான ஒன்று உணவில் இல்லாமல் போனதே காரணம் என்று அவருக்குப் பின் வந்த கெரிட் கிரிஜின்ஸ் 1901இல் சொன்னார். இல்லாமை நோயை உண்டாக்கும் என்பது அன்று ஏற்றுக்கொள்ளக் கடினமான கருத்து. கிருமிகளைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் மருத்துவ உலகமே 'எது உள்ளே நுழைந்தது' என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. 1926இல் ஜான்சன், டோனாத் இருவரும் ஜாவாவிலேயே தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்.

இந்த நிகழ்வுக்கு இவர்களில் யாரையும்விட நெருக்கமானவர் ஆக்ஸ்போர்டில் இருந்த ருடால்ஃப் பீட்டர்ஸ். பி1 இல்லாத உணவால் கழுத்து பின்னோக்கி வளைந்து இழுப்பு வந்த புறாக்களின் மூளைத் திசுவை அவர் 1930களில் ஆராய்ந்தார். லாக்டிக் அமிலமும் பைருவேட்டும் தேங்கியிருந்தன. திசு ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. சோதனைக் குழாயில் அந்தத் திசுவோடு பி1 சேர்த்ததும் ஆக்சிஜன் பயன்பாடு உயர்ந்தது. கண்ணால் பார்க்கத்தக்க கட்டமைப்புச் சேதம் எதுவும் ஏற்படுவதற்கு முன்பே வேதிவினை அளவில் காயம் ஏற்பட்டுவிடுகிறது என்று இதிலிருந்து அவர் கண்டார். வேதியியல் காயம் என்றே அதற்குப் பெயரிட்டார். இஸ்ரேல் குழந்தைகளின் பிற்காலக் கதையைப் புரிந்துகொள்ள இந்தக் கருத்து வேண்டும்.

தாதுச்சத்து இல்லாமல் வைட்டமின் இல்லை

தயமினை மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். தயமினோடு பாஸ்பேட்டைச் சேர்க்கும் வினைக்கு மெக்னீசியம் வேண்டும். அப்படி உருவான துணைநொதி தன் நொதிக்குள் பொருந்தி உட்காருவதும் மெக்னீசிய அயனி வழியாகத்தான். மெக்னீசியம் மிகவும் குறைந்திருந்த நோயாளிகளுக்கு எவ்வளவு தயமின் ஏற்றியும் வெர்னிக்கே அறிகுறிகள் மாறாமல், மெக்னீசியம் கொடுத்த பிறகு மாறிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. வைட்டமின்களை ஓர் அட்டவணையிலும் தாதுச்சத்துகளை இன்னோர் அட்டவணையிலும் போட்டுப் படிப்பது தேர்வுக்கு வசதி. செல்லுக்குள் அந்தப் பிரிவினை கிடையாது. பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் ஒன்றுக்கே தயமினோடு பி2, பி3, பான்டோதெனிக் அமிலம் ஆகியவற்றிலிருந்து பிறக்கும் துணைநொதிகளும் வேண்டும். இவற்றில் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று உதவிக்கு வராது.

சிகிச்சை

இரத்தச் சிவப்பணுக்களில் டிரான்ஸ்கீட்டோலேஸ் வேலை செய்யும் வேகத்தை அளந்து, பிறகு தயமின் பைரோபாஸ்பேட்டைச் சேர்த்து மறுபடி அளப்பது தயமின் குறைபாட்டுக்கான பரிசோதனை. சேர்த்ததும் வேகம் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடினால், நொதி தயமினுக்காகக் காத்துக்கிடந்தது என்று பொருள். நல்ல பரிசோதனை, ஆனால் எல்லா மருத்துவமனையிலும் கைக்கெட்டுவதில்லை, முடிவு வரவும் நேரமாகும்.

குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தயமின் தசை ஊசியாக 14 நாட்கள் கொடுக்கப்பட்டது. அந்த வயதில் அன்றாடத் தேவை 0.2 முதல் 0.3 மில்லிகிராம்தான். ஏறத்தாழ 200 மடங்கு கொடுப்பதற்குக் காரணம் உண்டு: வற்றிப்போன மூளைத் திசுவுக்குள் தயமினை வேகமாகச் செலுத்த இரத்தத்தில் அதன் செறிவு மிகவும் உயர வேண்டும். மிகுந்தது சிறுநீரில் போய்விடும். தயமினுக்கு உடலில் பெரிய சேமிப்பும் இல்லை. பெரியவர் உடலிலேயே மொத்தம் 30 மில்லிகிராம் அளவுதான், வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறுகிய தவணை என்று புரியும்.

தயமின் இல்லாத நிலையில் குளூக்கோஸை மட்டும் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது ஆபத்து. தடைபட்ட பாதையில் மேலும் சுமையை ஏற்றுவதுபோல், மிச்சமிருக்கும் தயமினையும் அது தீர்த்துவிடும். வாந்தியால் வாடி வரும் குழந்தைக்கு முதலில் கை போவது குளூக்கோஸ் பாட்டிலுக்குத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிழைத்தவர்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலருக்கு வலிப்பு நோயும் வளர்ச்சிக் குறைபாடும் நிலைத்துவிட்டன. நொதி சில மணி நேரத்தில் மீண்டும் இயங்கலாம்; இறந்த நரம்புச் செல் திரும்பாது.

அறிகுறியே இல்லாத குழந்தைகள்

செய்தித்தாள்களில் வந்தது மேலே சொன்னவர்களின் கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மற்றவர்களின் கதை. அதே பால்மாவைக் குடித்தும் கண் துடிக்காத, வலிப்பு வராத, தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்க்காத குழந்தைகள் அவர்கள். பாலை மாற்றிய பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றே குடும்பங்கள் நினைத்திருக்கும்.

2011இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் அந்தப் பாலைக் குடித்த 59 குழந்தைகளை 5 முதல் 7 வயதில் சோதித்தார்கள். பெரும்பாலோர் கைக்குழந்தைப் பருவத்தில் அறிகுறி இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள். ஒப்பிட, வேறு பால் குடித்து வளர்ந்த அதே வயதுக் குழந்தைகள் 35 பேர். வாக்கிய அமைப்பைப் புரிந்துகொள்வது, சிக்கலான வாக்கியத்தை உருவாக்குவது, தெரிந்த சொல்லை வேண்டிய நேரத்தில் மீட்டெடுப்பது ஆகியவற்றில் 59 பேரில் 57 பேருக்குக் குறைபாடு தெரிந்தது. 'பாட்டி வரையும் பெண்', 'பாட்டியை வரையும் பெண்' போன்ற இரண்டு தொடர்களில் யார் யாரை வரைகிறார் என்று பிரித்தறிவது இந்த வகைச் சோதனை. பொருள்களைப் பற்றிய அறிவில், கருத்துகளைப் புரிந்துகொள்வதில் அவர்களுக்குக் குறையில்லை. மொழி மட்டும் தனியாகப் பழுதாகியிருந்தது. உடல் சமநிலையிலும் நுண்ணிய அசைவுகளிலும் பின்னடைவு இருப்பதை வேறு ஆய்வுகள் பின்னர் காட்டின.

ஒரு வயதுக்குள் குழந்தை வாக்கியம் பேசுவதில்லை. ஆனால் வாக்கியத்தைப் பின்னாளில் கையாளப்போகும் மூளைப் பகுதிகள் அப்போதே கட்டப்படுகின்றன. கட்டப்படும் வாரங்களில் ஒரு துணைநொதி இல்லை என்றால், அதன் விளைவு தெரிவதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம். பீட்டர்ஸ் புறாக்களில் கண்ட வேதியியல் காயம் இங்கே குழந்தைகளின் மொழியில் வடுவாக நின்றது. குறைபாட்டை 'அறிகுறி உண்டு, இல்லை' என்று இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்தை இந்த ஆய்வுக்குப் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை. அறிகுறி இல்லை என்றால் நமக்கு இன்னும் தெரியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

இதற்கு முன்பும் நடந்தது

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், திரவ வடிவக் குழந்தைப் பால் ஒன்றைக் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்தது. தயாரிப்பின்போது ஏற்றிய சூட்டில் வைட்டமின் பி6 அழிந்திருந்தது. மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதிக்கு பி6 வேண்டும். அது இல்லாதபோது அடக்குவோர் இல்லாமல் நரம்புகள் வெடித்தன. பி6 கொடுத்ததும் வலிப்பு நின்றது.

1978–79இல் மறுபடி அமெரிக்காவில், இந்த முறை தாதுச்சத்து. சோடியத்தைக் குறைக்கும் நல்லெண்ணத்தில் ஒரு சோயா பாலில் உப்புச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். உப்போடு வந்துகொண்டிருந்த குளோரைடும் சேர்ந்து போய்விட்டது. குளோரைடு குறைந்தால் சிறுநீரகத்தால் பைகார்பனேட்டை வெளியேற்ற முடியாது, இரத்தம் காரத்தன்மை அடையும், பொட்டாசியமும் இறங்கும். 100க்கும் மேற்பட்ட குழந்தைகள் பசியிழந்து, எடை ஏறாமல் நின்றார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் பேச்சுமொழிச் சிக்கல் பதிவானது. எல்லாத் தொடர் ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதன் விளைவாக 1980இல் அங்கே குழந்தைப் பால்மாவுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1986இல் அது திருத்தப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் தேவையான சத்துகளை அளந்த பிறகே சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்றானது.

மூன்று நிகழ்வுகளிலும் தவறு வேறு: ஒன்றில் சூடு, ஒன்றில் நல்லெண்ணம், ஒன்றில் தவறான கணக்கு. மூன்றிலும் பாதிக்கப்பட்டவர்கள் ஒரே வகை: ஒரே ஓர் உணவை மட்டும் நம்பி வாழ்பவர்கள். பலவிதமாகச் சாப்பிடும் பெரியவருக்கு ஓர் உணவில் இல்லாதது இன்னொன்றில் கிடைத்துவிடும். குழாய்வழி உணவு பெறும் நோயாளி, நரம்புவழி ஊட்டம் மட்டும் பெறுபவர், இரைப்பை அறுவைக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்பவர், கர்ப்பகாலத்தில் எதையும் வயிற்றில் தக்கவைக்க முடியாதவர் ஆகியோர் இந்த விஷயத்தில் கைக்குழந்தையின் நிலையில்தான் இருக்கிறார்கள். இவர்களில் யாராவது விளக்கமில்லாத வாந்தியோடும் உயர்ந்த லாக்டிக் அமிலத்தோடும் துடிக்கும் விழிகளோடும் வந்தால், என்ன சாப்பிடுகிறார், எத்தனை வாரமாக என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு, குளூக்கோஸுக்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ தயமினைக் கொடுத்துவிட வேண்டும். மெக்னீசியத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பரிசோதனை முடிவு பிறகு வரட்டும்.